மூன்றாம் வகுப்புக்கு இடமதிப்பு: ஈர்க்குச்சிக் கட்டிலிருந்து ஆணிமணிச்சட்டம் வரை

நூற்று இருபத்து மூன்று என்று சொல்லி எழுதச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் ஒரு சிலேட்டில் 10023 இருக்கும், இன்னொன்றில் 100203, வேறொன்றில் 1023. இருநூற்று நான்கு பெரும்பாலும் 2004. தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுக்கும் யாருக்கும் இது பழகிய காட்சிதான். இதற்காக நான் வகுப்பிலேயே செய்து வைத்துக்கொண்ட பொருள்கள் என்னென்ன, எந்த வரிசையில் பிள்ளைகள் கையில் கொடுத்தேன், எது கைகொடுத்தது, எது படுத்தியது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். பள்ளி பொள்ளாச்சிப் பக்கம். ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு.

இதே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் 123 என்று எழுதி, நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் பிசகாமல் நிரப்பிவிடுவார்கள். 1, 2, 3 என்று கட்டத்துக்கு ஒன்றாகப் போடத் தெரிந்தால் போதும், அந்த வேலை முடிந்தது. அதனால் அந்த அட்டவணையைப் பார்த்து யாருக்குப் புரிந்தது என்று நான் முடிவு செய்வதில்லை. வேறொரு சின்னக் கேள்வி இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் காமி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பிள்ளை முன்னால் 16 குச்சியை எண்ணி வைக்கவேண்டும். தாளில் 16 என்று எழுதவேண்டும். 6-ஐ வட்டமிட்டு, "இது எந்தக் குச்சி, காட்டு கண்ணு" என்றால் ஆறு குச்சியைத் தள்ளி வைப்பார்கள். அடுத்து 1-ஐ வட்டமிட்டுக் கேட்கவேண்டும். "இதுதானுங்க டீச்சர்" என்று ஒரே ஒரு குச்சியை எடுத்து நீட்டுவார்கள். மீதி ஒன்பது குச்சி கேட்பாரில்லாமல் அங்கேயே கிடக்கும். அட்டவணையில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் இங்கே ஒற்றைக் குச்சியைத்தான் நீட்டினார்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறோம் அல்லவா, மேல் நிலையான மலரில் இருந்தவர்களும் இதில் அடக்கம்.

சிக்கல் எங்கே என்றால், வாய் சொல்வதும் கை எழுதுவதும் வேறு வேறு முறை. இருநூற்று நான்கு என்று சொல்லும்போது 'நூறு' என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். எழுதும்போது அதை விட்டுவிட்டு, 2 நிற்கும் இடத்திலேயே அதை ஒளித்து வைக்கிறோம். 200 எழுதி பக்கத்தில் 4 போடும் பிள்ளை காதில் விழுந்ததை ஒழுங்காகத்தான் எழுதுகிறது. நம் பழைய தமிழ் எண்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன: ௨௱௪. இரண்டு, நூறு, நான்கு. 24 என்றால் ௨௰௪. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி (௰, ௱, ௲) இருந்ததால் பூஜ்ஜியம் இல்லாமலே வேலை நடந்தது. ஒருநாள் பலகையில் இதை எழுதிக் காட்டினேன். "இது ஈஸியா இருக்குதுங்க டீச்சர், இதையே வெச்சுக்கலாம்" என்றான் ஒருவன். நியாயமான பேச்சு.

ஆகவே என் வேலை இரண்டு படி. பத்தை ஒரே பொருளாகப் பார்க்க வைப்பது முதல் படி. அந்தப் பொருளையும் எடுத்துவிட்டு, இடத்தை மட்டும் வைத்துச் சொல்ல வைப்பது இரண்டாவது. முதல் படிக்கு ஆளுக்கு ஆள் நல்ல யோசனை சொல்வார்கள். இரண்டாவது படியைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள்.

முதலில் குச்சி. இங்கே தென்னைக்குப் பஞ்சமில்லை. இரண்டு தென்னஞ்சீமாற்றைப் பிரித்து, ஈர்க்கின் தடித்த பாதியை மட்டும் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினேன். நுனிப் பக்கம் வேண்டாம். மெல்லியது, கட்டும்போதே ஒடியும். இரண்டு முனையும் ஊசி மாதிரி இருக்கும் என்பதால் நகவெட்டியால் மழுக்க வேண்டும். சலிப்பான வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து முடித்தேன். ஐஸ் குச்சி கடையில் கிடைக்கும், முனை மழுக்கும் வேலையும் இல்லை. ஆனால் பத்து சேர்த்துக் கட்டினால் தடிமனாகிவிடும், பத்துக் கட்டைச் சேர்த்து நூறாக்கினால் பிள்ளையின் கைக்குள் அடங்காது. ஈர்க்கு என்றால் நூறு குச்சியும் ஒரு பிடிதான்.

கட்டுவதற்கு முதலில் ரப்பர் பேண்டு. வெயில் காலத்தில் அது பிசுபிசுத்து அறுந்து போகிறது, இல்லாவிட்டால் பையன்கள் விரலில் மாட்டிச் சுண்டி விளையாடுகிறார்கள். சைக்கிள் கடையில் ஒட்ட முடியாது என்று தூக்கிப் போட்ட பழைய டியூப் ஒன்றை வாங்கிவந்து, அரை சென்டிமீட்டர் அகலத்தில் வளையம் வளையமாக நறுக்கினேன். அறுவதும் இல்லை, சுண்டினால் பறப்பதும் இல்லை. பத்துக்குச் சைக்கிள் டியூப் வளையத்தை இரண்டு சுற்று. நூறுக்கு அகலமான பைக் டியூப் வளையம்.

அடுத்தது முட்டை அட்டை. சத்துணவுக் கூடத்தில் முட்டை வந்து இறங்கும் காகிதக்கூழ் அட்டைதான்; ஐந்துக்கு ஆறு, முப்பது குழி. அதை மூன்றாக வெட்டினால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி என்று மூன்று துண்டு கிடைக்கும். பத்தைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல சட்டம் காசு கொடுத்தாலும் கிடைப்பது சந்தேகம். முட்டைக் கறை பட்டதைத் தொடாதீர்கள்; கழுவவும் முடியாது, கூழாகிவிடும். கறையில்லாததாகப் பொறுக்கி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டேன். துண்டைக் கவிழ்த்து, மேலே தெரியும் ஒவ்வொரு மேட்டிலும் கோணி ஊசியால் ஒரு துளை. அந்தத் துளையில் ஈர்க்குச்சி நிற்கும்.

இனி விளையாட்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அட்டை, ஒரு கை நிறையக் குச்சி. ஒன்றொன்றாகக் குத்திக்கொண்டே வரவேண்டும். பத்துத் துளையும் நிரம்பியதும் மொத்தத்தையும் பிடுங்கி, வளையம் போட்டுக் கட்டி, இடது பக்கம் வைத்துவிட்டு மறுபடி முதல் துளையிலிருந்து ஆரம்பம். ஏழு குச்சி நிற்கும்போது மூன்று துளை காலியாக இருப்பது பளிச்சென்று தெரியும். பத்துக்கு நிரப்பும் ஜோடிகள் (7-3, 6-4) தனியாகச் சொல்லித்தராமலே படிந்தன. கட்டுவது பிள்ளைகளாகத்தான் இருக்கவேண்டும். நேரம் மிச்சம் என்று நானே கட்டி வைத்த கட்டுகளைக் கொடுத்த குழுவில், கட்டைக் கையில் எடுத்த பிள்ளைகள் மறுபடி உள்ளே இருக்கும் குச்சியை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். தன் கையால் கட்டிய பிள்ளை எண்ணாது. "இது பத்து" என்று வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அவிழ்ப்பதும் கட்டுவதற்குச் சமமாக நடக்கவேண்டும். 43 எடு, அதில் 7 கொடு என்றால் ஒரு கட்டைப் பிரிக்காமல் வழியில்லை. கழித்தலில் 'கடன் வாங்குதல்' என்று சொல்லிக்கொடுப்பதை அப்போதுதான் நிறுத்தினேன். "கடன் வாங்குனதை எப்பங்க டீச்சர் திருப்பிக் குடுக்கறது?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். கட்டைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். பாடநூலில் இனமாற்றம் என்று இருக்கும். பிள்ளைகளிடம் கட்டுதல், பிரித்தல் போதுமானதாக இருந்தது.

ரூபாய் நோட்டை வைத்தே ஆரம்பித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பத்து ரூபாய்த் தாளுக்குள் பத்து ஒரு ரூபாய் கண்ணுக்குத் தெரியாது. நம்பிக்கையின் பேரில்தான் ஏற்கவேண்டும். கட்டில் தெரியும். அப்புறம், நிஜப் பணத்தில் 2, 5, 20, 50 எல்லாம் கலந்து வரும், பத்து பத்தாகப் போகும் ஒழுங்கு குலைந்துவிடும். கட்டு கைக்குப் பழகிய பிறகு 1, 10, 100 மட்டும் வைத்துக் கடை விளையாட்டு நடத்தினேன், அது நன்றாகவே போயிற்று.

நூறுக்கு மேல் போனதும் வகுப்பு தானாகவே இரண்டாவது படிக்கு வந்தது. 340 குச்சி எண்ணி, மூன்று பெரிய கட்டும் நான்கு சின்னக் கட்டுமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தேங்காய்க் களத்தில் வேலை செய்பவரின் மகன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எங்கப்பா இப்படியெல்லாம் கட்டிட்டு இருக்க மாட்டாருங்க டீச்சர். நூறு காய் எண்ணுனா ஒரு காயைத் தனியா எடுத்து வெச்சுருவாரு. கடைசியா தனியா இருக்கற காயை எண்ணுனா போதும்."

அன்றைக்கு நான் வைத்திருந்த பாடத்தை மூடி வைத்துவிட்டேன். "தனியா வெச்ச காய் ஒரு காயா, நூறு காயா?" என்று வகுப்பைக் கேட்டேன். பெரிய சண்டை. நூறு என்றது ஒரு கட்சி. அதையும் உடைத்தால் இரண்டு மூடிதானே வரும், அப்புறம் எப்படி நூறு என்றது இன்னொரு கட்சி. ஒருத்தி மட்டும், "அங்க வெச்சா நூறுங்க டீச்சர், குவியல்ல போட்டா ஒண்ணுதானுங்க" என்றாள். இதைத்தான் நான் பல வருடமாக முகமதிப்பு, இடமதிப்பு என்று பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். தனியே வைத்த காயும் அந்த நூறில் சேர்த்தியா, இல்லை கூடுதலா என்று அடுத்த கேள்வி வந்தது. பையன் வீட்டில் கேட்டுவந்து, சேர்த்துத்தான் என்றான்.

மறுநாள் மைதானத்தில் சாக்குக்கட்டியால் மூன்று வட்டம். கையில் புளியங்கொட்டை. இங்கே கட்டும் இல்லை, வளையமும் இல்லை. வலது வட்டத்தில் ஒன்றொன்றாகப் போடவேண்டும். பத்து சேர்ந்ததும் பத்தையும் பைக்குள் கொட்டிவிட்டு, நடு வட்டத்தில் ஒரே ஒரு கொட்டையை வைக்கவேண்டும். நடுவில் பத்து சேர்ந்தால் அதையும் காலி செய்து இடது வட்டத்தில் ஒன்று. எல்லாக் கொட்டையும் ஒரே அளவு, ஒரே நிறம். பத்தை எடுத்துவிட்டு ஒன்றை வைப்பது முதலில் சிலருக்குப் பெரிய மனவருத்தம். "ஒம்பது கொட்டை நஷ்டமுங்க டீச்சர்" என்றார்கள். கட்டு விளையாட்டில் கை தேறியவர்களுக்கு இந்த வருத்தம் சீக்கிரம் போயிற்று; அவர்கள் நடு வட்டத்துக் கொட்டையைக் காட்டி, "இது ஒரு கட்டு" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இங்கே தடுமாறினார்கள். அவர்களை மறுபடி குச்சிக்கே அனுப்பினேன்.

பூஜ்ஜியம் இங்கேதான் வந்தது. எண்ணி முடித்ததும் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை என்று சிலேட்டில் எழுதவேண்டும். ஒரு குழுவுக்கு நடு வட்டம் காலியாக நின்றது: இடதில் 2, வலதில் 4. அவர்கள் 24 என்று எழுதிவிட்டார்கள். பக்கத்துக் குழுவிலும் 24, ஆனால் அங்கே இடது வட்டம் காலி. இரண்டு சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. "நடுவுல ஒண்ணுமில்லைன்னு எழுதோணும்" என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். ஒருவன் கோடு போட்டான், ஒருத்தி காலியாக ஒரு வட்டமே வரைந்தாள். வட்டம் வென்றது.

வட்டத்திலிருந்து ஆணிமணிச்சட்டத்துக்கு, அதாவது நட்ட கம்பிகளில் மணி கோத்து எண்ணும் பலகைக்கு, போவது சுலபம். கடையில் விற்கும் சட்டத்தில் எனக்கு இரண்டு குறை. கம்பி நீளமாக இருக்கும், பன்னிரண்டு பதினைந்து மணி வரை தாராளமாகக் கோக்கலாம்; பத்து வந்ததும் மாற்றவேண்டும் என்று சட்டம் சொல்லாது, டீச்சர்தான் சொல்லவேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம். நானே செய்ததற்கு மணியாக எடுத்தது தோப்பில் மாற்றிப் போட்ட பழைய சொட்டுநீர்க் குழாய், 16 மில்லிமீட்டர். அதைச் சரியாக ஒரு சென்டிமீட்டர் வளையங்களாக வெட்டினேன். ரம்பத்தைவிட தோட்டக்காரர் வைத்திருந்த பைப் கட்டர் நேராக வெட்டியது. விரல் தடிமன் மூங்கில் குச்சி மூன்றை ஒரு பலகையில் துளையிட்டு நட்டுத் தந்தது ஊர்த் தச்சர். பலகைக்கு மேலே குச்சி ஒன்பது சென்டிமீட்டர்தான். ஒன்பது வளையத்தோடு நிரம்பிவிடும், பத்தாவதைப் போட்டால் உருண்டு விழும். விழுந்ததும் பிள்ளைகளே குச்சியைக் காலி செய்து பக்கத்தில் ஒன்று போடுகிறார்கள். மூங்கிலை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிலாம்பு ஏறும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் எண் அட்டைகளில் ஒன்றுக்குப் பச்சை, பத்துக்கு நீலம், நூறுக்குச் சிவப்பு என்று ஒழுங்கு உண்டு. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த அட்டைகளோடு வரும், பொன்னிற மணிகளைப் பத்து பத்தாகக் கோத்த பொன்மணிக் கோவைகளை நான் பார்த்திருக்கிறேன், அழகான வேலை. ஆனால் அங்கே மணிகளே பத்தையும் நூறையும் முழுசாகக் காட்டிவிடுகின்றன, நிறம் துணைக்குத்தான். நம் வகுப்பில் மணிச்சட்டத்துக்கு மட்டும் நிறம் தீட்டிவிட்டால், பிள்ளை நிறத்தைப் பார்த்துச் சொல்லும், இடத்தைப் பார்க்காது. சட்டத்தைத் திருப்பி வைத்தாலும் சிவப்பு நூறு என்றே சொல்லும். சொட்டுநீர்க் குழாய் முழுக்கக் கறுப்பு. அது தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் இப்போது வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறேன்.

கடைசியாக அடுக்கு அட்டை. ஒரு இலக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்று வைத்து, நூறுகள் 15, பத்துகள் 10, ஒன்றுகள் 5 சென்டிமீட்டர். 100 முதல் 900 வரை ஒன்பது, 10 முதல் 90 வரை ஒன்பது, 1 முதல் 9 வரை ஒன்பது, ஆக ஒரு கட்டுக்கு 27 அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டினேன். முகூர்த்த மாதங்களுக்குப் பிறகு ஊரில் வீட்டுக்கு வீடு கிடைக்கும். 100-ன் மேல் 20, அதன் மேல் 3, வலது ஓரம் ஒட்டி அடுக்கினால் 123 தெரியும். 10023 எழுதிய பிள்ளையின் சிலேட்டை நான் அழிப்பதில்லை. "நீ எழுதுனது எல்லாம் இதுல இருக்குது பாரு" என்று அட்டையை விரித்துக் காட்டுவேன். 100, 20, 3. ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காரவேண்டும், அவ்வளவுதான். 204-க்கு 200-ன் மேல் 4 வைத்தால் நடுவில் எட்டிப் பார்க்கும் பூஜ்ஜியம் 200-க்குச் சொந்தமானது என்பது புரிகிறது. வட்டத்தில் காலி இடமாகப் பார்த்ததை இங்கே எண்ணுருவாகப் பார்க்கிறார்கள். பாடநூலில் விரிவாக்க வடிவம் என்று வரும் 200 + 0 + 4 இதற்குப் பிறகு யாரையும் பயமுறுத்தவில்லை.

எல்லாம் கொடுத்த பிறகும் ஒரு இடம் இடித்தது: தொண்ணூறு. தமிழில் பத்துக்கு மேல் எண்ணுப் பெயர்கள் நமக்கு நிறைய உதவுகின்றன. பதினொன்று, பதிமூன்று என்று பத்து முன்னால் வந்துவிடும். இருபது, முப்பதிலிருந்து எண்பது வரை ஒரே போக்கு. ஒன்பதில் மட்டும் மாறுகிறது. 90-ல் நூறு ஒலிக்கிறது, 900-ல் ஆயிரம் ஒலிக்கிறது, 9000-ல் மட்டும் ஒழுங்காக ஒன்பதாயிரம். தொண்ணூற்றாறு என்றால் 106 என்றும், தொள்ளாயிரத்து ஆறு என்றால் 1006 என்றும் எழுதும் பிள்ளைகள் இதே காதால்தான் கேட்கிறார்கள். இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. 88-லிருந்து 102 வரை, 890-லிருந்து 910 வரை மணிச்சட்டத்தில் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். தொண்ணூறு வரும்போது நூறின் குச்சி காலியாக இருப்பதைக் கண் பார்க்கிறது. தினமும் கணக்கு வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் இதற்கே. இப்போது குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை.

பருவம் முடியும் தறுவாயில் 302-ல் 147 கழிக்கக் கொடுத்தேன். குச்சி எடுக்கலாம், சட்டம் எடுக்கலாம், வெறும் சிலேட்டும் போதும் என்றேன். பாதிப் பேர் குச்சிக் கட்டுக்கே போனார்கள். பத்துக் கட்டே இல்லாததால் பெரிய கட்டை உடைத்துப் பத்துச் சின்னக் கட்டாக்கி, அதில் ஒன்றையும் பிரித்தார்கள், 155 வந்தது. சட்டம் எடுத்தவர்களில் சிலர் நூறிலிருந்து ஒரு வளையத்தை உருவி நேராக ஒன்றின் குச்சியில் பத்தாகப் போடப் பார்த்தார்கள். ஏழுக்கு மேல் ஒன்று கூட நிற்காது என்று சட்டம் தடுத்தது, ஏற்கெனவே இரண்டு இருந்ததே. நடு இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்கு நான் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒழுங்காகப் பிரிப்பவர்களுக்கும் இதே தடை: பத்தைப் பிரித்துப் போடும் பத்து வளையமும் ஒன்பது கொள்ளும் குச்சியில் நிற்காது. அதனால் கழித்தலுக்கு மட்டும் பிரித்த வளையங்களைப் பலகையின் முன்னால் கொட்டிக்கொள்ளலாம் என்று விதி வைத்துக்கொண்டோம். பலகையின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டித் தரச் சொல்லித் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

16 கேள்வியை மறுபடி கேட்டபோது பெரும்பாலானவர்கள் பத்துக் குச்சியையும் தள்ளி வைத்தார்கள். இருவர் வைக்கவில்லை, அவர்கள் இன்னும் முட்டை அட்டையில்தான் இருக்கிறார்கள், அவசரம் இல்லை. நான்காம் வகுப்பு எடுக்கும் டீச்சர் ஆயிரத்துக்கும் அடுக்கு அட்டை கேட்டிருக்கிறார். அதற்கு 20 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், பத்திரிகை அட்டை பத்தாது. இரண்டை ஒட்டினால் மடங்குகிறது. சட்டைப் பெட்டிக்குள் வரும் அட்டை நீளம் பத்தும் என்று ஜவுளிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.